சின்ன சமையலறையும் மாங்காய் சீசனும்: கேட்டவருக்கு ஒரு நீண்ட பதில்

நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான். வட சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப் போர்ஷன். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத சமையலறை, இரண்டு பர்னர் அடுப்பு, ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று, இடுப்பு உயர ஃப்ரிட்ஜ். வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களில் வசந்த காலக் காய்கறி என்று அஸ்பராகஸ், பட்டாணி, குட்டி முள்ளங்கி எல்லாம் வைத்து அழகாகச் சமைக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு சீசன் உண்டா, என்ன வாங்கலாம், வாங்கிய காய் இந்த வெயிலில் மறுநாளே வாடிவிடுகிறதே, அதற்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் இருந்தாலும் உங்களை உண்மையில் படுத்துவது கடைசிக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. செய்முறை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். இடமும் குளிர்ச்சியும் இல்லாத வீட்டில் எதை எவ்வளவு வாங்குவது, எதை எந்த வரிசையில் அடுப்பில் ஏற்றுவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நான் மனையியல் படித்தவள். தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு கேரியர் கட்டிக் கொடுத்துப் பல வருடம் ஆகிறது. என் சமையலறையும் உங்களுடையதைவிடப் பெரிதல்ல. அதனால் கீழே எழுதுவதில் கொஞ்சம் பாடப் புத்தகம், மீதி கைப்பழக்கம். எது எது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

சீசன் உண்டு. ஆனால் அந்த வீடியோ சீசன் இல்லை. குளிர் நாடுகளில் பனி உருகியதும் தரையிலிருந்து முதலில் எட்டிப் பார்க்கும் தளிர்கள்தான் வசந்தக் காய்கறி. இங்கே பனியும் இல்லை, உருகுவதும் இல்லை. நம் சந்தைக்குப் பச்சைப் பட்டாணியும் முள்ளங்கியும் நன்றாக வருவது மார்கழி, தை மாதங்களில். பங்குனிக்குப் பிறகும் பளிச்சென்ற பச்சையில் உரித்த பட்டாணியை மலிவாகக் குவித்து வைத்திருந்தால், அது அநேகமாகக் காய்ந்த பட்டாணியை ஊற வைத்ததாக இருக்கும். வீட்டில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், பச்சைச் சாயம் இறங்கினால் கொட்டிவிடுங்கள். மாசி கடைசியிலிருந்து சித்திரை முடியும் வரை நமக்கு வருவது வேறு கூட்டம்: மாவடு, அதன் பின்னாலேயே மாங்காய், முருங்கைக்காய், வெள்ளரிப்பிஞ்சு, பலாப்பிஞ்சு, கொஞ்ச நாள் கழித்துப் பலாக்கொட்டை, நுங்கு, தர்பூசணி, கிர்ணி, வேப்பம்பூ, புதுப்புளி. இந்தப் பட்டியலைக் கவனித்தால் புளிப்பும் நீர்ச்சத்தும்தான் தூக்கலாக இருக்கும். இரண்டுமே வெயில் காலத்துக்கும் சின்ன சமையலறைக்கும் தோதானவை. நீர்க்காய்க்கு அடுப்பே வேண்டாம், புளிப்பு சேர்ந்த குழம்பு சீக்கிரம் கெடாது.

மாங்காயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த இரண்டு மாதமும் உங்கள் வீட்டுக்கு நிரந்தரமாக வேண்டியது அதுதான். வண்டியில் பத்தை போட்டு உப்பு மிளகாய்த்தூள் தடவி விற்பது பெரும்பாலும் கிளிமூக்கு. அதில் புளிப்பு குறைவு, பச்சையாகத் தின்ன நல்லது, பச்சடிக்கும் சரி. பருப்புக்கும் குழம்புக்கும் உருண்டையாக, பச்சையாக, கல் மாதிரி இருக்கும் நாட்டு மாங்காயைக் கேட்டு வாங்குங்கள். காம்பில் வடியும் பால் தோலில் பட்டால் சிலருக்குப் புண்ணாகிவிடும். எனவே வாங்கி வந்ததும் காம்பை நறுக்கி, தண்ணீரில் சிறிது நேரம் போட்டு வைத்துக் கழுவி எடுங்கள். மாங்காயை ஊற வைத்தால் ‘சூடு’ போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சூடு போகிறதோ இல்லையோ, பால் போகிறது, அதுவே போதுமான காரணம்.

வட சென்னையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டு மாமிடிகாய் பப்பு, அதாவது மாங்காய்ப் பருப்பு, இந்த சீசனில் ஒற்றைக் குக்கர்காரர்களுக்குக் கிடைத்த வரம். ஆனால் புதிதாகச் சமைக்கிறவர்கள் பருப்பையும் மாங்காயையும் ஒன்றாகப் போட்டு விசில் விட்டுவிட்டு, பருப்பு மலரவில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். புளிப்பு இருக்கும் இடத்தில் பருப்பு குழையாது, காயும் சரியாக வேகாது. இது உறுதியான விஷயம், வேதியியல்தான். செல்லோடு செல்லை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் சூட்டில் கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும், அமிலம் அதைக் கரையவிடாது. இன்னொரு எதிரி உப்புத் தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதே பெக்டினை இறுக்கிப் பிடிக்கும். பருப்பை மெட்ரோ தண்ணீரில், இல்லையென்றால் கேன் தண்ணீரில் வேக வையுங்கள். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் வேகும்தான், ஆனால் தயமின் என்கிற பி1 வைட்டமின் அழியும், ருசியும் சோப்புத் தண்ணீர் பக்கம் போகும். நான் போடுவதில்லை.

செய்யும் விதம் இப்படி. அரை கப் துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊற வைத்து, ஒன்றரை கப் தண்ணீர், மஞ்சள்தூள், நாலு சொட்டு எண்ணெய் சேர்த்துக் குக்கரின் அடிப் பாத்திரத்தில் வையுங்கள். அதன் மேல் அரிசிப் பாத்திரம். அதற்கும் மேல் ஒரு சின்னக் கிண்ணத்தில் தோலோடு துண்டு போட்ட அரை மாங்காய், இரண்டு பச்சை மிளகாய், உப்பு, தண்ணீர் வேண்டாம். நாலு விசில், பிறகு அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும் வரை விடுங்கள். சோறு, பருப்பு, மாங்காய் மூன்றும் ஒரே நெருப்பில் முடிந்தது. பருப்பை மசித்து, அதில் மாங்காயைக் கலந்து, கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு நாலு பல், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் மதியம் முடிந்தது. தொட்டுக்கொள்ள அப்பளம் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெயில் காலத்தில் இரண்டாவது பர்னரைப் பற்ற வைக்காமல் இருப்பதே பெரிய நிம்மதி. அந்தச் சின்ன அறையில் அடுப்பு எரியும் நேரம் குறையக் குறைய, காயும் குறைவாக வாடும், நீங்களும் குறைவாக வாடுவீர்கள்.

நீங்கள் மீன் சாப்பிடுவீர்களா என்று எழுதவில்லை. சாப்பிடுவீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறு எப்படி நினைப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காக. நாட்டுப்படகுகள் போகும், அதனால் சின்ன மீன் கொஞ்சம் வரும், விலை ஏறும். பெரிய மீன் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் பயணம் செய்து வரும். அங்கே தடை ஜூனில்தான் தொடங்குகிறது. சரியாக இந்த நேரத்தில்தான் மாங்காயும் முருங்கைக்காயும் பலாக்கொட்டையும் உச்சத்தில் இருக்கின்றன. ஆகவே நம் பக்கத்துச் சித்திரை மாதக் குழம்பு கருவாட்டுக் குழம்பு. மீன் கிடைக்காத குறைக்கு வைப்பது என்று இதைச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு மீன் குழம்பைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி.

இரண்டு பேருக்கு நெத்திலிக் கருவாடு ஒரு கைப்பிடி, முருங்கைக்காய் ஒன்று, சின்னக் கத்தரிக்காய் மூன்று, புளிப்பு மாங்காய் பாதி, பலாக்கொட்டை ஏழெட்டு, சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டு, பூண்டு ஆறு பல், தக்காளி ஒன்று. புளி நெல்லிக்காயில் பாதி அளவு போதும், மாங்காய் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கருவாட்டின் தலையைக் கிள்ளிவிட்டு, வெந்நீரில் போட்டு இரண்டு மூன்று தடவை அலசுங்கள், மணல் அடியில் தங்கும். பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்து, நசுக்கி, முதல் நாள் பருப்பு வைக்கும்போதே குக்கரில் ஒரு மூலையில் வேக வைத்துக்கொண்டால் மறுநாள் வேலை பாதி. மண்சட்டியோ அடி கனமான பாத்திரமோ வைத்து நல்லெண்ணெய் மூன்று கரண்டி ஊற்றுங்கள். கடுகு, வெந்தயம், வெங்காயம், பூண்டு வதங்கியதும் தக்காளி, பிறகு குழம்பு மிளகாய்த்தூள் ஒன்றரை ஸ்பூன். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு, வெறும் தண்ணீர் ஊற்றி முக்கால் பதம் வேக விடுங்கள். அதற்கு அப்புறம்தான் புளிக்கரைசல். முன்பு சொன்ன பெக்டின் கதையேதான்: புளியை முதலிலேயே ஊற்றினால் முருங்கைக்காய் நார் நாராக நிற்கும். புளி பச்சை வாசனை போனதும் பலாக்கொட்டையும் மாங்காயும், மாங்காய் குழைவதற்கு முன் கருவாடு, ஐந்து நிமிடம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், கருவாடே பாதி உப்பைக் கொண்டுவரும். வஞ்சிரம், வாளை போன்ற பெரிய கருவாடு என்றால் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறட்டும், குழம்பில் இன்னும் சற்று முன்னாலேயே போட வேண்டும்.

கருவாடு வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். தொட்டால் பிசுபிசுக்கக் கூடாது. மேலே இளஞ்சிவப்பாக ஏதாவது படிந்திருந்தால் அது உப்பிலேயே வாழும் கிருமி, வாங்காதீர்கள். வாசனையைப் பற்றி: சின்ன போர்ஷனில் இது உண்மையான பிரச்சினை, முக்கியமாக வீட்டுக்காரர் மாடிப்படி அருகிலேயே இருந்தால். மதியம் கடல்காற்று வீசத் தொடங்கிய பிறகு ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்துக் குழம்பு வையுங்கள். அலசிய தண்ணீரை சிங்கில் ஊற்றி விட்டுவிடாமல் உடனே நிறையத் தண்ணீர் விடுங்கள். சைவம் என்றால் கருவாட்டை விட்டுவிட்டு சுண்டைக்காய் வற்றலை வறுத்துப் போடலாம், நன்றாகவே இருக்கும். கருவாடு மாதிரி இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இனி, வாடுகிற பிரச்சினை. முதல் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: வாரத்துக்கு ஒருமுறை வாங்குவதை நிறுத்துங்கள். கொத்தவால்சாவடி மொத்தச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போன பிறகு, நம் பக்கத்துக் கடைகளும் தள்ளுவண்டிகளும் விடியற்காலை அங்கே போய்ச் சரக்கு எடுத்து வருகின்றன. அதாவது காலை எட்டு மணிக்கு உங்கள் தெருவில் இருக்கும் காய்தான் புதுசு. சாயங்காலம் அதே காய் பகல் வெயிலை முழுக்கத் தின்றிருக்கும். கூறு கட்டி வைத்திருப்பதில் ஒரு கூறு, இரண்டு நாளைக்கு மட்டும். கிலோ கணக்கில் வாங்கினால் பத்து ரூபாய் மிச்சம் என்று தோன்றும், நாலாம் நாள் அதைவிட அதிகமாகக் குப்பைக்குப் போகும்.

வாங்கியதில் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டியவை மிகக் குறைவு. கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை, துண்டு போட்ட முருங்கைக்காய், பச்சை மிளகாய் போதும். கீரையைக் கழுவாமல், அழுகிய இலை கிள்ளிவிட்டு, ஈரம் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். வெண்டைக்காய் மட்டும் நேர்மாறு, ஈரம் பட்டால் வழவழத்துவிடும், காய்ந்த துணி. கத்தரிக்காயும் வெள்ளரியும் அதிகக் குளிரைத் தாங்காது, குழி விழுந்து கறுக்கும். ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடித்தட்டில் இரண்டு நாள். தக்காளி, மாங்காய், வெங்காயம் வெளியே. பழுக்கும் மாம்பழத்தை மட்டும் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்திலுள்ள கீரையையும் வெள்ளரியையும் மஞ்சளாக்கிவிடும். வாடிப்போனது எல்லாமே கெட்டுப்போனது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் இழந்து துவண்ட கீரையை அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் நிமிர்ந்துவிடும்.

மண்பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டால் ஃப்ரிட்ஜே வேண்டாம் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. தத்துவம் சரிதான், தண்ணீர் ஆவியாகும்போது குளிரும். ஆனால் காற்று வறண்டிருக்கும் ஊரில்தான் அது நன்றாக வேலை செய்யும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், சட்டை முதுகில் ஒட்டும் ஈரக்காற்றில், ஓரளவுக்குத்தான் குளிரும். கீரைக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும். பாலுக்கும் சமைத்த சாப்பாட்டுக்கும் அதை நம்ப வேண்டாம்.

சமைத்த சாப்பாட்டைப் பற்றி. வெளியே வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் சமைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே என்பது பாதுகாப்பு விதிகள் சொல்லும் கணக்கு. நம் வீடுகளில் யாரும் அப்படி இருப்பதில்லை, காலையில் வைத்த குழம்பை இரவு சாப்பிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் நான் வைத்திருக்கும் வழி: தேங்காய் அரைத்தது, பருப்பு, கூட்டு, வெறும் சோறு இவற்றை அந்த வேளைக்கு மட்டும் செய்வது, மீந்தால் உடனே ஃப்ரிட்ஜ். புளி கரைத்துக் கொதித்த குழம்பு மட்டும் இரவு வரை, அதுவும் மாலையில் ஒருமுறை தளதளவெனக் கொதிக்க வைத்து. சோற்றில் கவனம் தேவை. சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. கேரியர் கட்டுகிறவள் என்பதால் நான் இதில் கொஞ்சம் கறார். உங்கள் வீட்டில் நீங்கள் எவ்வளவு தளர்த்துவீர்கள் என்பது உங்கள் வயிற்றைப் பொறுத்தது.

அடுப்பு அதிகம் வேண்டாத பக்கத்துக்குச் சுருக்கமாக. பயத்தம்பருப்பை அரை மணி நேரம் ஊற வைத்து வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரியும் துருவிய மாங்காயும் சேர்த்து, கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்தால் கோசுமல்லி. உப்பைப் பரிமாறும்போது போடுங்கள், முன்னாலேயே போட்டால் தண்ணீராய் நிற்கும். நுங்கு வாங்கினால் அன்றைக்கே, இளசாகப் பார்த்து. பலாப்பிஞ்சு எனக்குப் பிடிக்கும், ஆனால் அதன் பாலும் பிசினும் சின்ன சமையலறைக்கு ஒரு நாள் வேலை. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ளும் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மாம்பழத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பங்குனியிலேயே மஞ்சளாகப் பளபளக்கும் பழத்தை நான் வாங்குவதில்லை. கால்சியம் கார்பைடு போட்டுப் பழுக்க வைப்பதற்குத் தடை இருக்கிறது, எத்திலீன் வாயுவுக்கு அளவோடு அனுமதி இருக்கிறது. ஆனால் எதில் பழுத்தது என்று பழத்தைப் பார்த்தோ, தண்ணீரில் மிதக்கவிட்டோ அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. முற்றின காயாக வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துப் பழுக்க வைப்பதே நிம்மதி.

கடைசியாக வேப்பம்பூ. உங்கள் தெருவில் வேப்பமரம் இருந்தால் பங்குனியில் கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிடுங்கள், காலையில் பூ கொட்டிக் கிடக்கும். மண், புழு பார்த்துப் புடைத்து, நிழலில் காய வைத்து டப்பாவில் போட்டால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும். நெய்யில் கறுப்பாகும் வரை வறுத்து, இறக்கிய ரசத்தின் மேல் போட வேண்டும், கொதிக்கவிட்டால் கசப்பு முழுவதும் இறங்கிவிடும். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியிலும் இதையே ஒரு சிட்டிகை. ஒரு மாங்காய்க்கு அதன் எடையில் பாதி வெல்லம் கணக்கு, புளிப்பைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். வேப்பம்பூ சர்க்கரையைக் குறைக்கும், பூச்சியைக் கொல்லும் என்றெல்லாம் சொல்வதை நான் வழிமொழிய மாட்டேன். ரசத்தில் போடும் ஒரு ஸ்பூன் பூவை மருந்தாக எண்ணி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பூவைப் பார்த்து வேப்பெண்ணெயும் நல்லதுதானே என்று கைக்குழந்தைக்குப் புகட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆபத்து, குழந்தைகள் உயிர் போயிருக்கிறது.

பலாக்கொட்டை, மாவடு, மாங்காய் வற்றல் இவற்றை வருடத்துக்குச் சேர்த்து வைப்பது தனிக் கதை. உங்களுக்கு மொட்டை மாடியில் காய வைக்க அனுமதி உண்டா, காக்காயை விரட்ட வீட்டில் பகலில் ஆள் உண்டா என்று எழுதுங்கள், அதற்கேற்பச் சொல்கிறேன்.